மேய்ப்பர்களும் புதையல்காரர்களும்

எங்கள் கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இந்த ஒரு விடயத்திலாவது காலம் எங்களுக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது. மாதத்தின் முதல் வெள்ளி மாலை ஆறு மணிக்குப் பின் அங்கே அனுமதி இலவசம் என்று அறிவித்திருந்தார்கள். வெள்ளி மாலை ஆறு மணிக்குக் குசினியில் கோப்பைக் குவியலின் முன் நிற்பவர்களுக்கு அந்தச் சலுகை செல்லாது. ஆகவே ஆளுக்கு 22 யூரோ கொடுத்துத்தான் போனோம். போனது ஒரேயொரு படத்தைப் பார்க்க.

எங்களோடு அறையில் இருக்கும் நண்பர் ஒருவர் சேன் நதிக்கரைப் பழைய புத்தகப் பெட்டியொன்றிலிருந்து வாங்கிவந்த நூல்தான் இதற்குக் காரணம். ஜெரார் து ஸேட் என்பவர் 1967இல் எழுதிய புதையல் கதை. நண்பருக்கு எங்களைவிடப் பிரெஞ்சு நன்றாக வரும். வேலை முடிந்து கடைசி மெற்றோவில் வரும்போதும், வந்து படுத்த பிறகும், அகராதியையும் வைத்துக்கொண்டு நான்கு இரவுகள் அதையே வாசித்தார். ஐந்தாம் நாள் காலை சொன்னார்: "அண்ணை, இந்தப் படத்துக்குள்ள ஒரு ஊர் ஒளிஞ்சு கிடக்குது."

படத்தை முதலில் சொல்லிவிடுவோம். பாரிஸில் இருக்கும் நம்மவர்களிலும் பலர் மோனாலிசாவின் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கால்நோவோடு திரும்பிவிடுகிறோம். இது வேறு பக்கம், ரிஷ்லியூ பகுதியின் இரண்டாம் மாடி. நிக்கோலா பூசான் 1638ஐ ஒட்டி வரைந்த 'ஆர்காடியாவின் மேய்ப்பர்கள்'. 85 சென்ரிமீற்றர் உயரம், 121 சென்ரிமீற்றர் அகலம். எங்கள் கடையில் இருவர் அமரும் மேசையைவிடக் கொஞ்சம் பெரிது. வெட்டவெளியில் ஒரு கற்கல்லறை. அதைச் சுற்றிக் கோல் பிடித்த மூன்று மேய்ப்பர்களும் ஒரு பெண்ணும். தாடிக்காரர் ஒருவர் முழங்காலில் இருந்து, எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையைப் போல, கல்லில் வெட்டியிருப்பதை விரலால் தடவுகிறார். இன்னொருவர் குனிந்து அதே எழுத்தைச் சுட்டியபடி அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்க்கிறார். அவள் மஞ்சளும் நீலமுமாக உடுத்து நிமிர்ந்து நிற்கிறாள். கை அவர் முதுகில் இருக்கிறது. மூன்றாமவர் கல்லறையில் சாய்ந்து நிற்கிறார். பின்னால் சில மரங்கள், அதற்கும் பின்னால் மலைகள். கல்லில் உள்ள இலத்தீன் எழுத்து: எற் இன் ஆர்காடியா ஏகோ.

புதையல்காரர்கள் சொல்வது இது. அந்த மலைகள் கற்பனை மலைகளல்ல. தென் பிரான்சின் ஓத் மாவட்டத்தில் ரென்-லெ-ஷாத்தோ என்ற மலைக்கிராமத்தைச் சுற்றியிருப்பவை. ஆர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் இதே வடிவில் ஒரு கல்லறையும் இருந்தது. ஆகவே படம் ஒரு வரைபடம், மேய்ப்பர்களின் கோல்கள் கோடுகள், விரல்கள் திசைகாட்டிகள். ஹென்றி லிங்கன் என்ற ஆங்கிலேயர் 1972 தொடக்கம் பிபிசி தொலைக்காட்சிக்கு இதைப்பற்றிப் படங்கள் செய்தார். படத்துக்குள் ஐங்கோண நட்சத்திரம் கண்டார். பிறகு அதே நட்சத்திரத்தை அந்த மலைகளின் மேலும் கண்டார். 1982இல் அவரும் இருவரும் சேர்ந்து எழுதிய நூல் யேசுவின் வம்சம் வரை போயிற்று. 2003இல் டான் பிரவுன் தன் நாவலுக்கு அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளினார். 1996இல் வேறு இருவர் ஓவியங்களின் மேல் கோடுகள் கீறி, யேசுவின் உடலே கார்து மலையில் இருக்கிறது என்று ஒரு நூல் போட்டார்கள்.

ஒரு படத்தின் மேல் போதுமான கோடுகளைக் கீறினால் எந்த ஊரும் கிடைக்கும். ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நண்பரின் நான்கு இரவுகளுக்கு நியாயம் செய்தவர்களாக மாட்டோம். கதை எங்கே தொடங்கியது என்று தேடினோம். தேடியபோது கிடைத்தது எங்கள் தொழில் சம்பந்தப்பட்டது.

பெரான்ஜே சோனியேர் என்ற குருவானவர் 1885இல் ரென்-லெ-ஷாத்தோ கோவிலுக்கு வந்தார். சில வருடங்களில் கோவிலைத் திருத்தினார், மாளிகை கட்டினார், கோபுரம் கட்டினார். காசு எங்கிருந்து வந்தது? மேற்றிராணியாரின் விசாரணையில் தெரிந்தது, அவர் ஊர் ஊராகக் கடிதம் எழுதி, சொல்லி முடிக்கவே இயலாத அளவு பூசைகளுக்குக் காசு வாங்கியிருந்தார் என்பது. 1917இல் இறந்தார். அவருடைய சொத்தை வைத்திருந்த வீட்டுப் பணிப்பெண்ணிடமிருந்து நோயல் கோர்பு என்பவர் 1946இல் அதை வாங்கி, அந்தப் பெண் 1953இல் இறந்த பிறகு மாளிகையில் ஒரு ஹோட்டலும் ரெஸ்ரோரண்டும் தொடங்கினார். மலை உச்சி, வழிப்போக்கர் வராத தெரு முடிவு. அந்த இடத்தில் கடை போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 1956 ஜனவரியில் அந்தப் பகுதிப் பத்திரிகையில் கோர்புவின் கதை வந்தது: குருவானவர் புதையல் கண்டெடுத்தார், மீதி இன்னும் இங்கேதான் கிடக்கிறது என்று. ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். வந்தவர்களுக்குப் பசித்தது.

இதை வாசித்தபோது நாங்கள் சிரித்தோம். நேற்று மிஞ்சிய கோழி இன்று பலகையில் புதுப்பெயரோடு எழுதப்படுவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். கோர்புவின் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவர் கடையை நடத்தப் பார்த்தார். 1965இல் கிராமசபை தோண்டுவதற்குத் தடை போடவேண்டிய அளவுக்கு அவருடைய பலகை வேலை செய்தது.

கவனிக்க வேண்டியது, கோர்புவின் கதையில் பூசான் இல்லை. பூசானைக் கொண்டுவந்து சேர்த்தது பின்னால் வந்த பியேர் பிளந்தார் கூட்டம். 1956இல் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிட்டு, அதற்கு ஆயிரம் ஆண்டு வரலாறு எழுதிக்கொண்டவர் அவர். அவருடைய நண்பர் பிலிப் து ஷெரிஸே 'பழைய' ஓலைகளைத் தயாரித்தார். தானே செய்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். அந்த ஓலைகளில்தான் திறப்பு பூசானிடம் இருக்கிறது என்ற செய்தி வந்தது. நண்பர் வாங்கிய நூல் அவற்றை அச்சிலேற்றியது. ஆக, முந்நூறு வருடங்கள் சுவரில் தொங்கிய ஓவியத்துக்குள் ஒரு ஊர் 1960களில் குடியேறியது. 1685இல் பதினான்காம் லூயி மன்னனின் சேகரிப்புக்கு இந்தப் படம் வந்தது. அன்றிலிருந்து அதைப் பார்த்த எத்தனையோ கண்களில் எதற்கும் அந்த மலைகள் தெரிந்திருக்கவில்லை.

பூசான் அந்தப் பக்கம் போனதற்கும் சான்று இல்லை. நோர்மண்டியில் பிறந்தவர், 1624இல் ரோமுக்குப் போனார்; அரசர் அழைத்ததால் 1640 கடைசியில் பாரிஸ் வந்து, இரண்டு வருடம்கூடத் தாங்கமுடியாமல் ரோமுக்கே திரும்பி, 1665இல் அங்கேயே இறந்தார். (அவரைப் புலம்பெயர்ந்தவர் என்று எங்கள் வரிசையில் சேர்க்கச் சிலர் ஆசைப்படுவார்கள். சேர்க்கவேண்டாம். அவருக்குத் திரும்பிப்போக ஊர் இருந்தது, அவர் போக விரும்பவில்லை.) ஆர்க் கல்லறையோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. ஓவியத்தில் உள்ளதை மனதில் வைத்துத்தான் கல்லறை தேடப்பட்டதே தவிர, கல்லறையைப் பார்த்து ஓவியம் வரையப்படவில்லை. காணிச் சொந்தக்காரர், இரவில் வந்து தோண்டுபவர்களின் கரைச்சல் தாங்காமல் 1988இல் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார். ஒரு கல்லறை இடிக்கப்பட்டது என்று வாசிக்கும்போது எங்களுக்கு வேறு இடங்கள் நினைவுக்கு வரும். அவற்றை இங்கே இழுக்கவில்லை.

இனி அந்த இலத்தீன் எழுத்து. புதையல்காரர்கள் இதில் வினைச்சொல் இல்லை, ஆகவே வாக்கியம் குறையாக விடப்பட்டது, ஆகவே எழுத்துகளை மாற்றி அடுக்கினால் இரகசியம் வரும் என்கிறார்கள். அடுக்கிப் பார்த்து, கடவுளின் இரகசியத்தை நான் மறைத்து வைத்திருக்கிறேன் என்று ஒரு வாசகமும் எடுத்தார்கள். தமிழ் தெரிந்த எவருக்கும் இது வேடிக்கையாக இருக்கவேண்டும். 'இவர் என் அண்ணன்' என்பதில் வினை எங்கே? 'நான் வல்வெட்டித்துறை' என்று லாச்சப்பலில் ஒருவர் தன்னை அறிமுகப்படுத்தும்போது வாக்கியம் குறைந்து போயிற்றா? இலத்தீனும் இந்த இடத்தில் நம்மைப்போல வினையை விழுங்கும்.

உண்மையான சிக்கல் வினையில் இல்லை, 'உம்'மில் இருக்கிறது. கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி 1936இல் இந்த நான்கு சொற்களுக்காக ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவரே நாசிகளால் ஜெர்மனியில் பதவி பறிக்கப்பட்டு அமெரிக்காவுக்குப் போனவர். அவர் சொன்னதைத் தமிழில் சொல்வது மிகச் சுலபம். 'எற்' என்ற சொல் எதோடு சேர்கிறது? 'ஆர்காடியாவிலும் நான்' என்றால் பேசுவது மரணம்: அந்த இன்ப நாட்டிலும் நான் இருக்கிறேன். 'நானும் ஆர்காடியாவில்' என்றால் பேசுவது கல்லறைக்குள் கிடப்பவர்: நானும் ஒருகாலம் அங்கே வாழ்ந்தேன். முதலாவது எச்சரிக்கை, இரண்டாவது ஏக்கம். இலக்கணம் முதலாவதைத்தான் அனுமதிக்கிறது என்றார் பனோஃப்ஸ்கி. ஆனால் பூசானின் இந்தப் படம் இரண்டாவதை நோக்கி நகர்ந்துவிட்டது என்றும் சொன்னார். பெல்லோரி 1672இல் முதலாம் பொருளைக் கொண்டார். பூசானை நேரில் அறிந்த ஃபெலிபியன் 1685இல் இரண்டாம் பொருளுக்குப் போய்விட்டார். பல்கலைக்கழகத்தில் நாங்கள் பாதியில் விட்ட பாடங்களில் இலக்கணமும் ஒன்று. உம்மைக்கு இத்தனை வேலை இருக்கும் என்று அப்போது தெரியவில்லை.

இந்த நகர்வைக் கண்ணால் பார்க்கலாம். 1620ஐ ஒட்டி இத்தாலியர் குவெர்சினோ வரைந்த படத்தில் இரண்டு மேய்ப்பர்கள் ஒரு மண்டையோட்டைக் கண்டு நிற்கிறார்கள். ஓட்டின் மேல் ஈ, பக்கத்தில் எலி. சாவு நாறும் படம். அதே தலைப்பில் பூசான் முதலில் வரைந்தது 1620களின் இறுதியில். அது இங்கிலாந்தின் சாட்ஸ்வேத் மாளிகையில் இருக்கிறது. அதில் மேய்ப்பர்கள் அவசரமாக வந்து எட்டிப் பார்க்கிறார்கள், கல்லறையின் மேல் மண்டையோடு இன்னும் இருக்கிறது. பத்து வருடம் கழித்து லூவர் படத்தில் ஓடு இல்லை, அவசரமும் இல்லை. எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. முழங்காலில் இருப்பவரின் கையின் நிழல் கல்லில் விழுந்து அரிவாள்போல வளைந்திருக்கிறது. பூசான் பத்து வருடமாக எடுத்து எடுத்துக் கழித்திருக்கிறார். கழித்துக் கழித்து வெறுமையாக்கிய இடத்தில் புதையல்காரர்கள் வந்து சாமான் அடுக்குகிறார்கள். எங்களுக்கு அவர்களிடம் உள்ள முறைப்பாடு இதுதான். பொய் சொன்னார்கள் என்பதல்ல, படத்தைப் பார்க்கவில்லை என்பது.

ஆர்காடியா என்பது கிரேக்கத்தில் உண்மையாக உள்ள மாவட்டம். மலையும் வறட்சியுமான இடம். அந்த ஊரவரான பொலிபியஸ் என்ற வரலாற்றாசிரியரே தம் நாட்டின் கடுமையை எழுதியிருக்கிறார். அதை நிழலும் குழலிசையுமாக மாற்றியது, இத்தாலியிலிருந்து எழுதிய வேர்ஜில் என்ற கவிஞர். அதாவது பூசான் கையில் எடுத்தபோதே அது வரைபடத்திலிருந்து கழன்று ஆயிரத்தறுநூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆயரும் காடும் என்றவுடன் முல்லை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று நம்மில் எவரும் கேட்பதில்லை, காத்திருத்தலை நினைக்கிறோம். நிலத்தைக் காட்டி மனத்தைச் சொல்லும் முறை நமக்குப் பழக்கம்.

ஆனாலும் நமது உரைகாரர்களும் இந்தத் தேடலுக்குத் தப்பவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நெடுநல்வாடையில் தலைவனின் பெயரில்லை. வேலில் கட்டியிருந்த வேப்பந்தழையைப் பிடித்துக்கொண்டு, இது பாண்டியனின் அடையாளம், ஆகவே இது அகமாகாது, புறம் என்றார் நச்சினார்க்கினியர். ஒரு கொத்து இலையால் முழுப்பாட்டும் இடம் மாறியது. அவரிடம் இலையாவது பாட்டுக்குள் இருந்தது.

படத்தில் ஊர் தேடுவதே குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. டச்சு ஓவியர் வெர்மீரின் 'சின்னத் தெரு' எந்தத் தெரு என்று நெடுங்காலமாகத் தெரியாமல் இருந்தது. 2015இல் பேராசிரியர் ஃபிரான்ஸ் கிரைஸன்ஹவுட் அதைக் கண்டறிந்து சொன்னார்: டெல்ஃப்ட் நகரில் ஃப்ளாமிங் தெரு, இப்போதைய 40, 42ஆம் இலக்கங்கள். அவர் ஐங்கோணம் கீறவில்லை. வாய்க்கால் தூர்வாரவும் கரை திருத்தவும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டு அகலத்துக்கு ஏற்பக் கட்டிய வரியின் 1667ஆம் ஆண்டுப் பதிவேட்டை எடுத்தார். இரண்டு வீடுகளுக்கு இடையே பக்கம் பக்கமாக இரண்டு ஒடுங்கிய ஒழுங்கைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.2 மீற்றர், அந்த அளவு அங்கே மட்டுந்தான் பொருந்திற்று. வலப்பக்க வீட்டில் இருந்தவர் ஓவியரின் மாமி. ஆட்டுக்குடல், மாட்டுக்குடல் விற்றுப் பிள்ளைகளை வளர்த்த விதவை. அந்த ஒழுங்கைக்கே குடல்வாசல் என்று பெயர் இருந்திருக்கிறது. குடல் கழுவியறிந்த எங்கள் கைகளுக்கு இந்தச் செய்தி எவ்வளவு பிடித்தது என்று சொல்லத் தேவையில்லை. விலாசம் தெரிந்ததால் அந்தப் படம் எதையும் இழக்கவில்லை, ஏனென்றால் அது ஏற்கனவே ஒரு தெருவைப்பற்றிய படம்.

மோனாலிசாவின் பின்னால் உள்ள பாலத்தின் நிலைமை வேறு. 2023இல் ஒருவர் அது தஸ்கனியின் லாத்தெரீனா ஊர்ப் பாலம் என்றார். 2024இல் ஒரு புவியியலாளர் அது வடக்கே லெக்கோ நகரின் பாலம் என்றார். இதற்கு முன்னும் வேறு ஊர்கள் உரிமை கேட்டன. மூன்றாவது நாலாவது ஊரும் வரும்.

நண்பருக்கு வருவோம். அவர் வன்னி. இந்த நாட்டில் அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, விசாரித்தவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி ஊரை வரையச் சொன்னார். நண்பர் பள்ளிக்கூடத்தை வரைந்தார், பிள்ளையார் கோவிலை வரைந்தார், தெருவுக்கு இடப்பக்கம் குளத்தை வரைந்தார். விசாரித்தவரிடம் இருந்த வரைபடத்தில் குளம் வலப்பக்கம் இருந்தது. நண்பர் சந்தைப் பக்கமிருந்து வீட்டுக்கு வருகிறவராக நின்று வரைந்தார். வரைபடம் வடக்கை மேலே வைத்து வரையப்பட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் வென்று காட் கிடைக்க மேலும் பதினாறு மாதங்கள் போயின. "குளம் எனக்கு எப்பவும் இடப்பக்கந்தான்" என்று இன்றும் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்கு, ஒரு படத்துக்குள் ஒரு ஊர் ஒளிந்திருக்கிறது, கூர்ந்து பார்ப்பவனுக்கு அது கிடைக்கும் என்று ஒரு புத்தகம் சொன்னால் நான்கு இரவு தூக்கம் போகாமல் என்ன செய்யும்? அவரைக் கேலி செய்ய எங்களால் முடியவில்லை. எங்களுக்குத் தோன்றியதை மட்டும் அவரிடம் சொன்னோம். லிங்கனும் அவருக்குப் பின் வந்தவர்களும் பூசானிடம் நீட்டியதும் அதே வெள்ளைத்தாள். மலை எங்கே, கல்லறை எந்தப் பக்கம், எங்களிடம் உள்ள வரைபடத்தோடு பொருந்துகிறதா? பொருந்தினால் உண்மை, பொருந்தாவிட்டால் இரகசியம். ஓவியர் எங்கே நின்று, யாராக நின்று பார்க்கிறார் என்பது இரு விசாரணையிலும் கேட்கப்படாத கேள்வி. நண்பர் பதில் சொல்லவில்லை. "நேர போய்ப் பாப்பம் அண்ணை" என்றார்.

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை போனோம். அறையில் கூட்டமில்லை. நண்பர் முதலில் பெருவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடி மலைகளை அளந்தார். புத்தகத்தில் இருந்த ஒளிப்படத்தோடு ஒப்பிட்டார். வலப்பக்க மலை கொஞ்சம் ஒத்துப்போவது போலத்தான் இருந்தது. மலைகள் பொதுவாக ஒன்றையொன்று ஒத்துத்தான் இருக்கும். பிறகு புத்தகத்தை மூடினார். நாங்கள் வேறு படங்களைப் பார்த்துச் சுற்றிவிட்டு வந்தபோதும் அவர் அங்கேயே நின்றார்.

"அந்தப் பெம்பிளை ஒண்டும் கேக்கேல்ல, அண்ணை" என்றார். "மற்ற மூண்டு பேரும் என்ன எழுதியிருக்கு எண்டு பாக்கினம். அவவுக்கு முதலே தெரியும் போல. அதாலதான் அவன்ர முதுகில கையை வச்சுக்கொண்டு நிக்கிறா."

இந்தப் பெண் யார் என்பது பற்றி அறிஞர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். மரணம் என்கிறார்கள், வரலாற்றுத் தேவதை என்கிறார்கள், ஓவியக்கலையே என்கிறார்கள். அந்தக் கையைப்பற்றி நண்பர் சொன்னதை நாங்கள் வாசித்த எதிலும் காணவில்லை.

ஐந்தரைக்குக் காவலர் வந்து எல்லோரையும் வெளியே அனுப்பத் தொடங்கினார். சேன் நதிக்கரையால் நடந்தோம். புத்தகத்தைப் பெட்டிக்காரரிடமே திருப்பிப் போட்டுவிடலாமே என்றோம். நண்பர் சம்மதிக்கவில்லை, கார்க்கசோனுக்கு ரயில் எவ்வளவு முடியும் என்று கேட்டார்.

"புதையலுக்கோ?"

"சீ, மலை பாக்க. சித்திரையில கடை நாலு நாள் பூட்டு எண்டு முதலாளி சொன்னவர்."